இரவல் பீங்கான்

எங்கள் கடற்கரைத் திடலின் மதிலைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "ஏன் டீச்சர், எல்லாப் பீங்கான் துண்டையும் மறுபக்கமாத் திருப்பிப் பதிச்சிருக்கீங்க?" கலை படித்தவள் எதையும் தலைகீழாகத்தான் செய்வாள் என்று அவர்களே ஒரு பதிலையும் வைத்திருப்பார்கள். நானும் சிரித்துச் சமாளித்துவிடுவேன். உண்மையில் அது என் கலை இல்லை. என் அவசர புத்தி செய்த கூத்து.

கல்முனையில் நான் சித்திரப் பாட ஆசிரியை. மாங்காயும் மண்சட்டியும் கீறச் சொல்லிக் கொடுத்தே பாதி ஆயுள் போய்விட்டது. ஊர் முழுக்கச் சேர்ந்து செய்கிற மாதிரிப் பெரிதாக ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை. அதற்கு நான் கண் வைத்திருந்தது அந்த மதில். பள்ளிவாசலுக்குச் சொந்தமானது. காரை உதிர்ந்து, டியூஷன் வகுப்பு விளம்பரங்களும் பழைய தேர்தல் முகங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பார்க்கவே எரிச்சல் வரும். கடற்கரையை ஒட்டிய நாலு தெருவிலும் வீட்டுக்கு ஒரு பீங்கான் தட்டு வாங்கி, துண்டு துண்டாக்கி, அந்த மதில் முழுக்கப் பதித்தால் என்ன என்று தோன்றியது. நான் கீற ஊர் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஊர் கொடுக்க வேண்டும், நான் ஒட்ட வேண்டும்.

பள்ளிவாசல் தலைவரிடம் போனேன். பஜாரில் புடவைக்கடை வைத்திருப்பவர். எதையும் கிழிக்கும் முன் இரண்டு தரம் அளப்பவர். என் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"உருவம் வேணாம் டீச்சர். உசிருள்ளது ஒண்டும் வரக்கூடாது."

"அலையும் நட்சத்திரமுந்தான் ஹாஜியார்."

"அப்ப நல்லம். வெள்ளிக்கிழமை நானே சொல்லிவிடுறன்."

சொன்னபடியே ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தார். "திடல் மதில் வேலைக்காக டீச்சர் வீட்டுக்கு வீடு வருவா. ஆளுக்கொரு பீங்கான் குடுத்து ஒத்தாசை செய்யுங்க." இந்த இரண்டு வசனத்துக்குள் என் தலைவிதி ஒளிந்திருந்தது. அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

மறுநாள் கூடையோடு கிளம்பினேன். ஓரம் உடைந்தது, கீறல் விழுந்தது, ஒற்றையாக மிஞ்சியது என்று ஏதாவது தருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் போன வீட்டிலெல்லாம் பூட்டிக் கிடந்த கண்ணாடி அலுமாரியின் திறப்பைத் தேடினார்கள். எங்கள் ஊர்க் கண்ணாடி அலுமாரியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். வீட்டோடு அலுமாரியும், அலுமாரிக்குள் இருக்கும் பீங்கான்களும் அவளுடையவை. அதில் சாப்பிட வேண்டுமென்றால் நீங்கள் குறைந்தது அடுத்த ஊரான சம்மாந்துறையிலிருந்தாவது வந்த விருந்தாளியாக இருக்க வேண்டும். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அந்தப் பாக்கியம் இல்லை.

"ஒடைஞ்சதெண்டாலும் போதும் ராத்தா," என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"ஊருக்குக் குடுக்கிறத ஒடைஞ்சதாக் குடுக்கிறதா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

கழுவினார்கள், துடைத்தார்கள், பத்திரிகைத் தாளில் சுற்றினார்கள். சுற்றும் முன் எல்லாரும் பீங்கானைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை ஒரு தரம் பார்த்தார்கள். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றேன். என் மனமெல்லாம் வேறெங்கோ இருந்தது. இந்த ஊர் என்மேல் இத்தனை அன்பு வைத்திருக்கிறதே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கடைசியாகப் போனது பின்தெரு மாமியின் வீடு. எனக்கு அவர் சொந்த மாமி இல்லை, தெருவே அவரை மாமி என்றுதான் கூப்பிடும். தனியாக இருந்து இடியப்பம் அவித்து விற்பவர். அவர் வீட்டில் கண்ணாடி அலுமாரி கிடையாது. பெட்டியைத் திறந்து, உடுப்புகளுக்கு அடியிலிருந்து தலையணை உறையில் சுற்றிய பீங்கான் ஒன்றை எடுத்தார். வெள்ளைப் பீங்கான், விளிம்பில் பச்சைக் கொடி. அவரும் கவிழ்த்துப் பார்த்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார்.

"கவனமாக் கொண்டு போ புள்ள."

"பயப்படாதீங்க மாமி," என்று பெரிய மனுஷிபோல் சொல்லிவிட்டு வந்தேன். அந்த இரண்டு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமை பின்னேரம் திடலின் மூலையில் பீங்கான்களை உரப் பைகளுக்குள் போட்டு, சுத்தியலால் நானே அடித்தேன். பொய் சொல்லக்கூடாது, அடிப்பது சுகமாகத்தான் இருந்தது. ஆசிரியர் அறையில் வாயை மூடிக்கொண்டு விழுங்கிய கோபமெல்லாம் அந்தச் சுத்தியல் வழியாக இறங்கிப் போனது. மதில் வேலைக்குப் பாண்டிருப்பிலிருந்து ஒரு மேசன் வந்திருந்தார், என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தகப்பன். நான் அடிக்க அடிக்க அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"டீச்சர், எல்லாம் நல்ல பீங்கான் மாதிரிக் கிடக்கு."

"நல்ல பீங்கான்தான் அண்ணன் நல்ல நிறம் தரும்."

அவர் சீமெந்து குழைக்கப் போனார். வெளிச்சம் போவதற்குள் மதிலில் ஆறடி நீளத்துக்கு வேலை முடிந்துவிட்டது. நடுவில் வெள்ளை நட்சத்திரம், சுற்றிலும் நீலமும் பச்சையுமாக அலை. கடைசி வெயில் அதில் பட்டு மின்னியபோது எனக்கு என்னையே கட்டிப் பிடிக்க வேண்டும்போல இருந்தது.

மறுநாள் காலை உம்மா தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுச் சாவகாசமாகக் கேட்டார்.

"புள்ள, வேலை முடிஞ்சாப் பொறகு பீங்கானெல்லாம் கழுவித்தானே குடுத்தனுப்புவீங்க?"

எல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் கலியாணம் என்றால் மண்டபம் கிடையாது, வீட்டு வளவில் பந்தல்தான். கந்தூரி விருந்து, கலியாணம், மௌத்து விழுந்த சாவு வீடு எதுவானாலும் சாப்பாட்டுக்கு ஊர்ப் பீங்கான்தான் போகும். "ஆளுக்கொரு பீங்கான் குடுத்து ஒத்தாசை செய்யுங்க" என்று பள்ளிவாசலில் சொல்வார்கள், அச்சு அசல் இதே சொல். ஒரு வீட்டுப் பீங்கான் மற்ற வீட்டோடு மாறாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு அடையாளம் இருக்கும். எங்களுடையது இரண்டு சிவப்புப் புள்ளி. அதற்காகவே உம்மா ஒரு நகப்பூச்சுப் போத்தல் வாங்கி வைத்திருந்தார். நகத்தில் பூசினால் தொழுகைக்குக் கழுவும் ஒளு சேராது என்று எங்களுக்கு ஏச்சு விழும், பீங்கானுக்குப் பூசத் தடையில்லை. எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் நகப்பூச்சு விற்றதெல்லாம் பீங்கானுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

விருந்து முடிந்ததும் பெண்கள் கிணற்றடியில் வட்டமாக இருந்து கழுவுவார்கள். நாங்கள் பீங்கானைக் கவிழ்த்து அடையாளம் பார்த்து வீடு வீடாக அடுக்குவோம். ஈரப் பீங்கானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒழுங்கை வழியாக நடந்த அந்தக் குளிர்ச்சி இன்னும் என்னிடம் இருக்கிறது. யார் வீட்டு அடையாளம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மண்டபமும் கேட்டரிங்கும் வந்த பிறகு அந்த நடை நின்றுபோனது, அந்தப் பரீட்சையும் எனக்கு மறந்துபோனது. ஊருக்கு மறக்கவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு பள்ளியில் பீங்கான் கேட்டதும் ஒவ்வொரு வீடும் சந்தோஷத்தோடு அலுமாரியைத் திறந்திருக்கிறது. அன்பளிப்பாக யாரும் தரவில்லை. வழக்கம்போல இரவல் தந்திருக்கிறார்கள்.

"ஒடைச்சிட்டன் உம்மா," என்றேன்.

"என்னத்த?"

"பீங்கானத்தான்."

"எல்லாத்தையுமா?"

"ஓம்."

உம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். எந்தெந்த வீடு என்று விரலை மடித்து எண்ணத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் "யா அல்லாஹ்" என்றார். பின்தெருவுக்கு வந்ததும் விரல் நின்றது.

"அவட பீங்கானையுமா?"

சுனாமியில் கடல் வந்த அன்று, கரையோரம் இருந்த மாமியின் பழைய வீட்டில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. கணவரும் ஒரே மகளும் போனார்கள். வீடு இருந்த இடத்தில் மூன்று நாள் மணலைக் கிளறியதில் கிடைத்தது அந்த ஒரு பீங்கான். அதன் அடியில் அந்தப் பிள்ளை கீறிய அடையாளம் இருந்தது. புள்ளியோ எழுத்தோ போடச் சொன்னால் அவள் தகப்பனின் தோணிக்குப் பூசும் நீலப் பெயின்டை எடுத்து ஒரு பூனையைக் கீறி வைத்திருந்தாளாம். அதெல்லாம் நடந்தபோது நான் படிப்புக்காக வெளியூரில் இருந்தேன், இந்தக் கதை எனக்குத் தெரியாது.

"அந்தப் புள்ளட படம் ஒண்டும் இல்ல," என்றார் உம்மா. "பள்ளிக்கூடக் கொப்பி இல்ல, சட்டை இல்ல. அவட கையால மிஞ்சினது அது மட்டுந்தான்."

நான் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். பின்தெருவுக்கு இரண்டு நிமிட நடைதான். அன்றைக்கு அது முடிய மாட்டேன் என்றது. மாமி அடுப்படியில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாமி ஏசவில்லை. அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார்.

"துண்டெல்லாம் இரிக்கா?"

"இரிக்கு மாமி."

"அப்ப வா."

நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்களுக்கு முன்னாலேயே செய்தி திடலுக்குப் போய்விட்டது. உம்மாவின் வாயை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். பத்துப் பதினைந்து பெண்கள் முக்காட்டை இறுக்கிக்கொண்டு எனக்காகக் காத்து நின்றார்கள்.

"ஆறு பீங்கான் செட்டு டீச்சர். இனி எண்ட வீட்டுக்கு அஞ்சு பேர்தான் விருந்துக்கு வரலாம். ஆறாவது ஆளுக்கு நீங்க பதில் சொல்லுங்க."

"மாவடிப்பள்ளிப் பக்கம் யானை பூந்தாக்கூட இவ்வளவு ஒடைக்காது," என்றார் இன்னொருவர்.

மாமி யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் மண்ணில் இருந்துகொண்டு, "கொட்டு புள்ள," என்றார். மேசன் தார்ப்பாய்ப் படங்கை விரித்தார். நான்கு பையையும் கொட்டினோம். மாமி ஒவ்வொரு துண்டாகக் கவிழ்த்துப் பார்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் என்ன தேடுகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஏச வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து படங்கைச் சுற்றி இருந்தார்கள்.

பிறகு ஒருமணி நேரம் யாரும் என்னை ஏசவில்லை. துண்டுகளைக் கவிழ்க்கக் கவிழ்க்க அடையாளங்கள் வெளியே வந்தன. புள்ளிகள், முக்கோணங்கள், பாதி உடைந்த எழுத்துகள். "இது எங்கட உம்மாட கை," என்றார் ஒருவர். "இஞ்ச பாருங்க, இது மௌத்தான எங்கட ராத்தா போட்டது. பூச்சுப் பத்தாமத் தண்ணி கலந்திரிக்கா கள்ளி." ஒருவருக்கு அயல் வீட்டுக் கலியாணத்துக்கு இரவல் போன தன் பீங்கான் கையில் சிக்கியது, அது எப்படித் திரும்பி வராமல் அங்கேயே நின்றுபோனது என்று ஒரு வழக்கே தொடங்கியது. எனக்கும் சிவப்புப் புள்ளி இரண்டும் கிடைத்தன. துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன். மேல்பக்கத்தில் இருந்ததெல்லாம் கடையில் வாங்கிய ரோசாப்பூ, எல்லா வீட்டிலும் ஒரே ரோசாப்பூ. அந்தந்த வீடு இருந்தது அடிப்பக்கத்தில்தான். சித்திரம் படித்த எனக்கு அது ஒரு நாளும் கண்ணில் படவில்லை என்பது வெட்கமாக இருந்தது.

"டீச்சர், இந்தப் பக்கத்தையே வெளிய வெச்சுக் கட்டுங்களன்," என்றார் ஆறாவது விருந்தாளியைப் பற்றிக் கவலைப்பட்ட அந்தப் பெண். "ஆருட வீட்டுப் பீங்கானெண்டாவது தெரியட்டும்." அதை நான் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குப் பொறாமைதான்.

மாமியின் மடியில் பச்சைக்கொடித் துண்டுகள் ஏழெட்டுச் சேர்ந்திருந்தன. எல்லாம் விளிம்பு. நடுப்பகுதியைக் காணவில்லை. பைகளை உதறிப் பார்த்தோம், படங்கைத் தூக்கிப் பார்த்தோம். அப்போதுதான் மேசன் மதிலையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன்.

"டீச்சர்," என்றார் மெதுவாக. "நேத்து நட்சத்திரத்துக்கு நடுவில வைக்கப் பெரிய வெள்ளைத் துண்டு வேணுமெண்டு நீங்கதான் எடுத்துத் தந்தீங்க."

அது அங்கேதான் இருந்தது. வெள்ளை முகத்தை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, பூனையைச் சீமெந்துக்குள் அமுக்கிக்கொண்டு. மேசன் சின்ன உளியை எடுத்து, துண்டைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒரு தட்டு தவறினால் துண்டு நொறுங்கிவிடும். முருகனையும் கூப்பிட்டார், அல்லாஹ்வையும் கூப்பிட்டார். அரை மணி நேரத்தில் துண்டு முழுதாகக் கையோடு வந்தது. அதன் பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறச் சீமெந்து.

நான் கத்தியை எடுத்தேன். மாமி என் கையைப் பிடித்து ஒதுக்கிவிட்டார். எலுமிச்சைப் புளிக்குச் சீமெந்து கரையும் என்று ஒருவர் ஓடிப்போய்த் தேசிக்காய் கொண்டுவந்தார். மாமி பாதித் தேசிக்காயால் அந்தத் துண்டை மெல்ல மெல்லத் தேய்த்தார். சாம்பல் கரைந்து வழிந்தது. ஒரு நீலக் கோடு தெரிந்தது, வால். பிறகு ஒரு காது. பிறகு இன்னொன்று. மீசை மூன்று மூன்றாக வந்தது. மாமி விடாமல் தேய்த்தார். முன்னங்கால் வந்தது, இன்னொரு முன்னங்கால் வந்தது, பின்னங்கால் ஒன்று வந்தது. அதற்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை.

நான் உடைந்துபோனேன். ஊர்ப் பெண்கள் எல்லாரும் பார்த்திருக்க விக்கி விக்கி அழுதேன். "ஒரு காலை அழிச்சிட்டன் மாமி. சீமெந்தோட போயிட்டு."

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகம் இளகியது. இளகி, பிறகு வாய்விட்டே சிரித்தார். கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார்.

"அதுக்கு முதல்லேருந்து மூணு கால்தான் புள்ள. பெயின்ட் முடிஞ்சி போச்சு. மத்தக் காலுக்கு வாப்பா கடலுக்குப் போய் வரட்டுமெண்டு அவ சொல்லி வெச்சிருந்தா."

பள்ளித் தலைவர் எப்போது வந்தாரோ தெரியாது, எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். உருவம் வேண்டாம் என்றவர். நான் பயந்துகொண்டு அவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், பூனையைப் பார்த்தார். "சின்னப் புள்ள கீறினதுதானே," என்றார். லுஹர் தொழுகைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடந்தார்.

"இத வீட்டுக்குக் கொண்டு போங்க மாமி," என்றேன். "மற்றத் துண்டெல்லாம் நான் ஒட்டித் தாறன்."

"வேணாம். பெட்டிக்குள்ள வெச்சு நான் மட்டுந்தான் பாக்கிற. இஞ்ச வையிங்க. ஊர்ல நாலு பேர் பாக்கட்டும்."

மேசன் உளியால் தோண்டிய பழைய இடத்துக்கே அதைக் கொண்டுபோனார். எல்லாரும் பார்க்கும் உயரம், நட்சத்திரத்தின் நட்டநடு. மாமி தலையை ஆட்டினார். எழும்பி வந்து மதிலோடு நின்று, உள்ளங்கை நிலத்தைப் பார்க்கக் கையை நீட்டினார். கை கீழே இறங்கி, அவருடைய இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது.

"இந்த உசரம்."

"அவ்வளவு கீழ வெச்சா ஆருக்கும் தெரியாதே மாமி," என்றார் மேசன்.

"அவ இந்த உசரந்தான்."

மேசன் மண்ணில் முழங்காலை ஊன்றி இருந்து சீமெந்து குழைத்தார். துண்டைப் பதித்து முடிக்கும்வரை மாமி கையை எடுக்கவேயில்லை.